டேங்கில் எதை ஊற்றலாம், எதை ஊற்றக் கூடாது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டீசல் வண்டிக்காரர்களிடமிருந்து. அதிலும் கிளீனர், ஃப்ளஷ், அடிட்டிவ் என்று ஏதாவது ஒரு பாட்டிலைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் ஏசி, டயர், இன்சூரன்ஸ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2014 மாடல் எர்டிகா டீசல். மீட்டர் 1,40,000 கி.மீ. காட்டுகிறது. கொஞ்ச நாளாக மேடு ஏறும்போது பிக்கப்பே இல்லை, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின்னால் கரும்புகை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இன்ஜெக்டர் கிளீனர் என்று ஒரு பாட்டிலைக் கொடுத்து டேங்கில் ஊற்றச் சொல்கிறார்கள். என் மச்சான் "ஊத்தாதீங்க, டர்போ போயிடும்" என்கிறார். யார் சொல்வது சரி? — மேலூர் வாசகர்

பதில்: மச்சான் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பாட்டிலை மாற்றிப் பிடித்திருக்கிறார். டர்போவுக்கு வினையாகக்கூடியது இன்ஜின் ஆயிலில் ஊற்றும் ஃப்ளஷ். அதை அடுத்த கடிதத்தில் பார்ப்போம். டேங்கில் ஊற்றும் கிளீனர் டீசலோடு கலந்து எரிந்து வெளியே போய்விடும், டர்போவின் பேரிங் பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதற்காகக் கடைக்காரர் சொன்னது சரி என்றும் ஆகிவிடாது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இல்லை, காற்று போகும் ஹோஸ்.

கரும்புகை என்றால் உள்ளே போன டீசலுக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். டர்போ அழுத்திக் கொடுக்கும் காற்று அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய், அங்கிருந்து சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டுக்குப் போகும் வழியெல்லாம் ரப்பர் ஹோஸ்தான். பத்து வருடச் சூட்டில் அந்த ரப்பர் அடிப்பக்கம் வெடித்திருக்கும். மேலே நின்று பார்த்தால் தெரியாது, வண்டி ஐடிலில் நிற்கும்போதும் தெரியாது, ஏனென்றால் அப்போது உள்ளே அழுத்தமே இல்லை. மேட்டில் டர்போ முழு மூச்சில் காற்றைத் தள்ளும்போது அந்தப் பிளவு வாயைத் திறக்கும், பாதிக் காற்று வெளியே போய்விடும், பிக்கப் செத்துவிடும், புகை வரும். மெக்கானிக்கிடம் ஹோஸைக் கழற்றிக் கையில் வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தால் அங்கேதான் கசிகிறது. கையோடு ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்லில் தேடுங்கள். பழைய ஓனர் கொடுத்த பில் எதுவும் இல்லையென்றால் இரண்டையும் மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது இஜிஆர். புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிற வால்வு இது. எரியும் சூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாவதைக் கட்டுப்படுத்த வைத்திருக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தப் புகையில் வரும் கரியும், கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியும் இன்டேக்கில் சந்தித்துக் கறுப்புப் பிசினாகப் படியும். சில வண்டிகளில் மேனிஃபோல்டைக் கழற்றினால் இரண்டு விரல் போக வேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல் போகாது. இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: டீசல் இன்ஜினில் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. இன்டேக் மேனிஃபோல்டு வழியாக ஒரு சொட்டு டீசல்கூடப் போவதில்லை. டீசலே போகாத இடத்துக்கு டீசலில் கலந்த கிளீனர் எப்படிப் போகும்? 'இஜிஆரையும் சுத்தம் செய்யும்' என்று பாட்டிலில் எழுதியிருந்தால், எரிப்பு கொஞ்சம் சீராகிப் புதுக் கரி குறையலாம் என்கிற அளவுக்குத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே படிந்த பிசினைக் கழற்றித்தான் துடைக்க முடியும்.

இதெல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இன்ஜெக்டர். காமன் ரெயில் டீசலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தித் தேக்கித் தரும் முறை) அழுத்தம் 1,600 பார், புதிய வண்டிகளில் 2,000 பாருக்கும் மேல். நாசில் துவாரம் ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டரை ஒட்டியது. அதன் வாயில் கரி ஏறினால் டீசல் மெல்லிய தூவலாக வராமல் தாரையாக விழும். உள்ளே ஊசி அசையும் இடத்திலும் ஒரு பிசுபிசுப்பான படலம் படிவதுண்டு. இந்த இரண்டையும்தான் நல்ல கிளீனர் பாட்டிலில் இருக்கும் டிடர்ஜென்ட் கரைக்கப் பார்க்கும் (பாலிஐசோபியூட்டிலீன் சக்சினிமைடு என்று வாயில் நுழையாத பெயர், லேபிளில் யாரும் அதை எழுதுவதில்லை). கூடவே சீட்டேன் எண்ணை (டீசல் எவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்ளும் என்பதன் அளவு) கூட்ட ஒரு நைட்ரேட், பம்புக்கு வழுவழுப்புத் தர ஒரு பொருள். இது பொய் வியாபாரம் இல்லை, வேலை செய்கிற ரசாயனம்தான். ஆனால் மெதுவாக, ஒன்றிரண்டு டேங்க் டீசல் ஓடித்தான் வேலை செய்யும், அதுவும் படிவு இருந்தால் மட்டும். தேய்ந்துபோன இன்ஜெக்டரை எந்தத் திரவமும் சரி செய்யாது.

படிவா தேய்மானமா என்று ஓரளவு தெரிந்துகொள்ள ரிட்டர்ன் டெஸ்ட் இருக்கிறது. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, நான்கு சின்னப் பாட்டிலில் தனித்தனியாக விட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார்கள். மூன்று பாட்டிலில் அரை விரல் உயரம் டீசல், நான்காவதில் கழுத்து வரை என்றால் அந்த நான்காவது இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்துவிட்டது, அழுத்தத்தை விட்டுக்கொடுக்கிறது. அதை டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் டீசல் ஒர்க்ஸுக்கு அனுப்ப வேண்டியதுதான். நான்கிலும் ஒரே அளவு வந்து, ஐடிலில் மட்டும் லேசாக உதறுகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது என்றால் ஒரு பாட்டில் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது முதலில் பாட்டிலை ஊற்றிப் பிறகு ஃபுல் டேங்க் டீசல் போடுங்கள், நன்றாகக் கலக்கும். இத்தனை லிட்டருக்கு இத்தனை மில்லி என்று லேபிளில் இருக்கும். உங்கள் டேங்க் 45 லிட்டர். 'இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு சுத்தம்' என்று கணக்குப் போடாதீர்கள். அந்த டேங்க் ஓடி முடிந்ததும் டீசல் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். இன்னொன்று, பெட்ரோல் வண்டிக்கான கிளீனரும் அதே அலமாரியில் அதே நிறத்தில்தான் இருக்கும். வாங்கும்போது டீசல் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: 2018 மாடல் டீசல் எஸ்யூவி, 72,000 கி.மீ. வழக்கமாக விடும் கராஜில் ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் 'இன்ஜின் ஃப்ளஷ்' என்று ஒரு தொகை சேர்க்கிறார்கள். கேட்டால் "ஆயில் எவ்வளவு கறுப்பா இருக்கு பாருங்க சார், உள்ளே எல்லாம் அழுக்கு" என்று டிப்ஸ்டிக்கை எடுத்துக் காட்டுகிறார்கள். தேவையா? — ஈரோடு வாசகர்

பதில்: தேவையில்லை. அடுத்த முறை வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் 'ஃப்ளஷ் வேண்டாம்' என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.

டிப்ஸ்டிக் காட்டுவது பழைய வித்தை. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றி இரண்டு நாள் ஓட்டினாலே கறுத்துவிடும், அது கறுக்கத்தான் வேண்டும். எரியும்போது உண்டாகும் கரித்தூளை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னிடமே மிதக்கவைத்துக்கொள்வது ஆயிலின் வேலை, அதற்கான டிடர்ஜென்ட் அதிலேயே கலந்துதான் வருகிறது. நீங்கள் நேரத்துக்கு ஆயில் மாற்றுகிறவர் என்றால் ஒவ்வொரு ஆயில் மாற்றமுமே உங்கள் இன்ஜினுக்கு ஒரு கழுவல்தான். அழுக்கைப் பார்க்க வேண்டுமென்றால் டிப்ஸ்டிக்கைப் பார்க்கக் கூடாது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உலோகம் பழுப்பாகத் தெரிந்தால் நலம். கறுப்புக் களி கெட்டியாக அப்பியிருந்தால்தான் கவலை.

வேடிக்கை என்னவென்றால், அப்படிக் களி அப்பிய இன்ஜினுக்குத்தான் ஃப்ளஷ் அதிக அபாயம். ஃப்ளஷ் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஒரு லேசான கரைப்பானும் கொஞ்சம் டிடர்ஜென்டும். பழைய ஆயிலில் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு வடித்துவிடச் சொல்வார்கள். வருடக்கணக்காகப் படிந்தது அந்தப் பத்து நிமிடத்தில் அழகாகக் கரைந்து தண்ணியாக வருவதில்லை, பொருக்கு பொருக்காகப் பெயர்ந்து வரும். பெயர்ந்தது நேராக இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் உட்காரும். ஆயில் பிரஷர் வரவில்லை என்று வந்த வண்டிகளின் சம்ப்பை இறக்கினால், சல்லடைக் கண்ணே தெரியாமல் தாரும் மணலும் குழைத்துப் பூசின மாதிரி அந்த வலை இருக்கும்.

டர்போ இல்லாத பழைய இன்ஜின் என்றால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். டர்போவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதன் தண்டு நிமிடத்துக்கு 1,50,000 சுற்று, சிறிய டர்போ என்றால் 2,00,000 சுற்றையும் தொடும். பெரும்பாலானவற்றில் பால் பேரிங்கே இல்லை, தண்டு ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுற்றுகிறது. அந்த ஆயில் வருவது ஒரு மெல்லிய குழாய் வழியாக. ஒரு பக்கம் ஸ்ட்ரெய்னர் அடைத்து ஆயில் குறைகிறது, இன்னொரு பக்கம் வருகிற கொஞ்சமும் ஃப்ளஷ் கலந்து நீர்த்திருக்கிறது, இடையில் ஒரு பொருக்கு அந்தக் குழாயில் மாட்டுகிறது. பிறகு விசில் சத்தம், நீலப்புகை, டர்போ அசெம்பிளிக்கு எஸ்டிமேட். ஃப்ளஷ் ஊற்றிய அன்றே இது நடக்காது என்பதால் யாரும் அதன்மேல் பழி போடுவதும் இல்லை.

அப்புறம், டிரெயின் பிளக்கைக் கழற்றினால் ஆயில் முழுவதும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஆயில் கூலரில், டர்போ லைனில், ஹெட்டின் குழிகளில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அதோடு கலந்த ஃப்ளஷும் தங்கி, நீங்கள் காசு கொடுத்து ஊற்றிய புது ஆயிலை முதல் நாளே நீர்க்க வைக்கும். ஃப்ளஷ் உள்ளே இருக்கும்போது "ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வர்றேன்" என்று வண்டியை எடுக்கும் பையன்களும் உண்டு. அது அறவே கூடாது.

அப்படியானால் ஃப்ளஷ் யாருக்குத்தான்? சுத்தமான இன்ஜினுக்கு வீண், களி பிடித்த இன்ஜினுக்கு அபாயம், நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது: பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டு ஆயில் குடிக்கிற வண்டிக்கு, சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைப் பார்க்கத் தயாராக இருக்கும் மெக்கானிக் கையால் செய்யலாம். மற்றவர்கள், குறிப்பாகக் கவனிக்காமல் விட்ட பழைய வண்டியை வாங்கியவர்கள், நல்ல ஆயிலை ஊற்றி 3,000 கி.மீ., மறுபடி 5,000 கி.மீ. என்று இரண்டு முறை சீக்கிரம் மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் ஆயில் ஃபில்டரோடு. ஆயிலே மெல்ல மெல்லக் கழுவிக்கொண்டு வரும். செலவு கூடுதல்தான், டர்போ விலையோடு ஒப்பிட்டால் சில்லறை.

கேள்வி: பெட்ரோல் பங்குகளில் இப்போது எத்தனால் கலக்கிறார்கள். டீசல் காருக்கும் அதற்காக ஏதாவது அடிட்டிவ் போட வேண்டுமா? — தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: வேண்டாம் அம்மா. எத்தனால் கலப்பது பெட்ரோலில் மட்டும்தான். டீசலில் 7 சதவீதம் வரை பயோடீசல் கலக்க நம் நாட்டுத் தர விதி அனுமதிக்கிறது, அது உங்கள் இன்ஜினுக்குப் பிரச்சினை இல்லை. வண்டியை மாதக்கணக்கில் எடுக்காமல் ஷெட்டிலேயே நிறுத்திவைப்பவராக இருந்தால் மட்டும் டேங்கை நிரப்பி வையுங்கள். காலியாக இருக்கும் டேங்கின் உள்சுவரில் ஈரம் வேர்த்து டீசலில் தண்ணீர் சேரும்.

கேள்வி: பிஎஸ்6 டீசல் கார். வீடு வேளச்சேரி, ஆபீஸ் தரமணி. மாதம் ஒரு முறையாவது டிபிஎஃப் விளக்கு எரிகிறது. 'டிபிஎஃப் கிளீனர்' என்று டேங்கில் ஊற்றும் பாட்டில் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா? — சென்னை வாசகர்

பதில்: உங்களுக்கு வேண்டியது பாட்டில் இல்லை தம்பி, ரோடு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது டீசல் கார்களுக்கெல்லாம் இந்தக் கரி வடிகட்டி வந்துவிட்டது. அதில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்து வாயுவாக வெளியேற்றிவிடும், அதுதான் ரீஜெனரேஷன். அந்தச் சூடு வருவதற்கு வண்டி ஒரே சீராக ஓட வேண்டும். வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு நீங்கள் போய்ச் சேரும்போது இன்ஜின் ஆயிலே முழுதாகச் சூடாகியிருக்காது, சைலன்ஸர் எங்கே சூடாவது. எரிக்க ஆரம்பிக்கும், நீங்கள் பார்க்கிங்கில் நிறுத்தி ஆஃப் செய்துவிடுவீர்கள், பாதியில் நின்றுவிடும். மறுநாளும் இதே கதை.

இதில் இன்னொரு கேடு இருக்கிறது. வடிகட்டியைச் சூடாக்க சிலிண்டருக்குள் கடைசி நேரத்தில் கூடுதல் டீசல் பீய்ச்சுவார்கள், பாதியில் நிறுத்த நிறுத்த அதில் கொஞ்சம் சுவரோரமாக வழிந்து ஆயிலில் இறங்கும். காலையில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது, கி.மீ. கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். நீர்த்த ஆயிலில் டர்போ சுற்றுவது நல்லதில்லை என்று மேலே சொன்னதுதான் இங்கேயும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையில் ஏறுங்கள். டாப் கியருக்குப் போகாமல் ஒரு கியர் குறைவாகவே வைத்து, 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில், இருபது முப்பது நிமிடம் சீராக ஓட்டுங்கள். விளக்கு அணைந்துவிடும். ஊருக்குள் எப்போதாவது வண்டியை நிறுத்தும்போது ஃபேன் பலமாக ஓடி, ஐடில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் எரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், முடிந்தால் இன்னொரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

பாட்டில் விஷயத்துக்கு வந்தால், கரி எரிய வேண்டிய சூட்டைக் குறைக்கும் சீரியம், இரும்பு சார்ந்த பொருள்கள் அதில் இருக்கும். தத்துவம் உண்மைதான். பிரான்ஸின் பெஜோ கம்பெனி 2000ஆம் ஆண்டில் 607 காரில் டிபிஎஃப் கொண்டுவந்தபோதே தனி டேங்கில் அப்படி ஒரு திரவத்தை வைத்துத்தான் விற்றது. ஆனால் அந்த வடிகட்டியை அந்தத் திரவத்துக்காகவே வடிவமைத்தார்கள். உலோகம் எரிந்தால் சாம்பல் மிஞ்சும், சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது, வடிகட்டியிலேயே தங்கும். நெடுஞ்சாலையில் ஓட்டியும் விளக்கு அணையவில்லை என்றால் எப்போதாவது ஒரு முறை போடலாம், மாதாமாதம் சந்தா கட்டுகிற மாதிரி ஊற்ற வேண்டாம். டிபிஎஃப் விளக்கோடு இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நெடுஞ்சாலை வைத்தியமும் வேண்டாம், நேராக ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குப் போங்கள். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும், மேனுவலில் ஏ.சி.இ.ஏ. சி2, சி3 என்று எது போட்டிருக்கிறதோ அதைக் கேட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று வேறு ஆயிலை ஊற்றிவிட்டு டிபிஎஃப் கிளீனருக்குச் செலவழிப்பவர்களைப் பார்த்தால் என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் ஹைட்ரஜன் கார்பன் கிளீனிங் மெஷின் வந்திருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் முழுக் கரியும் போய்விடும் என்கிறார்கள். ஏர் குழாயில் அடிக்கும் ஸ்ப்ரேயும் இருக்கிறது. எது நல்லது? — நாமக்கல் வாசகர்

பதில்: ஊர் பூராவும் லாரியும் ரிக்கும் டீசல் ஒர்க்ஸும் இருக்கிற இடத்திலிருந்து எனக்கு இந்தக் கேள்வியா! சரி, சொல்கிறேன்.

அந்த மெஷின் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயுவை ஏர் குழாயில் விடுகிறது. அந்த வாயு எரிவது சிலிண்டருக்குள். கரி அதிகம் படிந்திருப்பது சிலிண்டருக்கு முன்னால், இஜிஆரிலும் மேனிஃபோல்டிலும். அங்கே அது எரியாமல் சும்மா கடந்துதான் போகிறது. சைலன்ஸர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்து "பாருங்க எவ்வளவு கரி" என்று காட்டுவார்கள். டீசல் வண்டியை முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்து ஓடவிட்டு அவ்வப்போது ரேஸ் செய்தால் மெஷின் இல்லாமலும் துணி கறுக்கும். வண்டிக்குக் கெடுதல் என்று சொல்லமாட்டேன், காசுக்குக் கெடுதல்.

ஸ்ப்ரே வேறு விஷயம், அதில் எனக்கு பயம் உண்டு. டீசல் இன்ஜினுக்கு எரியக்கூடிய எதை ஏர் குழாய் வழியாகக் கொடுத்தாலும் அதையும் எரிபொருளாகவே எடுத்துக்கொள்ளும். அதிகமாகப் போனால் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே இன்ஜின் தன்னால் ஏறிக் கத்த ஆரம்பிக்கும், சாவியைத் திருப்பினாலும் சில நேரம் நிற்காது. டர்போவுக்கு முன்னால் அடித்தால் அந்த வேகத்தில் சுற்றும் கம்ப்ரசர் இறக்கையில் திரவத் துளி மோதும், மீதி இன்டர்கூலரின் அடியில் தேங்கி நின்று வேறொரு நேரத்தில் மொத்தமாக உள்ளே போகும். ஏர் ஃப்ளோ சென்சர் மேல் பட்டால் அதுவும் கெடும். கெட்டியான கரி ஒரு துண்டாகப் பெயர்ந்து வால்வில் மாட்டுகிற வாய்ப்பும் இருக்கிறது. அதே ஸ்ப்ரேயை, இஜிஆர் வால்வையும் மேனிஃபோல்டையும் கழற்றி மேஜை மேல் வைத்துக்கொண்டு பிரஷ்ஷும் கையுமாக அடியுங்கள், அருமையாக வேலை செய்யும். அரை நாள் வேலை, புது கேஸ்கெட் வாங்க வேண்டும், கை கறுப்பாகும். மெஷின்காரர் கேட்கும் காசில் பெரும்பாலும் இதை முடித்துவிடலாம்.

கேள்வி: அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். என் டீசல் காருக்கு டேங்குக்கு 100 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) ஊற்றச் சொல்கிறார், மண்ணெண்ணெய் கலந்தால் நாசில் சுத்தமாகும் என்றும் சொல்கிறார். மறுத்தால் கோபப்படுகிறார். — சங்ககிரி வாசகர்

பதில்: அப்பாவோடு சண்டை போடாதீர்கள், அவர் ஓட்டிய வண்டிக்கு அவர் சொன்னதில் பாதி செல்லும். அந்தக் கால லாரியின் இன்லைன் பம்புக்கு அடிப்பக்க மசகு இன்ஜின் ஆயிலிலிருந்தே கிடைத்தது, அழுத்தமும் சில நூறு பார்தான். கொஞ்சம் மண்ணெண்ணெயைத் தாங்கிக்கொள்ளும். உங்கள் காரில் ஹை பிரஷர் பம்புக்கு டீசலே எண்ணெய், வேறு மசகு கிடையாது. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை. பம்பு உள்ளே தேயும், தேய்ந்த உலோகத்தூள் ரெயிலுக்குப் போய், நான்கு இன்ஜெக்டருக்கும் போய், கடைசியில் டேங்கிலிருந்து நாசில் வரை எல்லாவற்றையும் கழற்ற வைக்கும். மண்ணெண்ணெய் கண்டிப்பாகக் கூடாது, பெட்ரோல் கலப்பதும் அப்படியே.

2டி ஆயில் விஷயத்தில், பிஎஸ்3 காலத்தில் டீசலில் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) ஆக இருந்த கந்தகம் பிஎஸ்4-ல் 50, இப்போது பிஎஸ்6-ல் 10 என்று இறங்கியது. கந்தகத்தை எடுக்கும் முறையில் டீசலின் இயல்பான வழுவழுப்பும் போய்விடும் என்பது உண்மை, அப்பாவைப் போன்றவர்களின் சந்தேகம் காரணமில்லாதது இல்லை. ஆனால் அதை ஈடுகட்டும் பொருளை சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அதற்கு மேல் 2டி ஊற்றினால் டிபிஎஃப்பில் சாம்பல் சேர்வதுதான் மிச்சம்.

கேள்வி: டிரைவர் தெரியாமல் டீசல் கிளீனரை ஆட்ப்ளூ டேங்கில் ஊற்றிவிட்டார். வண்டி இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. என்ன செய்வது? — திருப்பூர் வாசகர்

பதில்: ஸ்டார்ட் செய்யாமல் விட்டாரே, அந்த டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். சாவியைக்கூட ஆன் செய்ய வேண்டாம், ஆன் செய்தாலே சில வண்டிகளில் பம்பு ஓட ஆரம்பிக்கும். வண்டியைக் கட்டி இழுத்துப் போய் அந்த டேங்கை வடித்துக் கழுவுங்கள். புகையில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் திரவம்தான் ஆட்ப்ளூ; 32.5 சதவீத யூரியாவும் மீதி சுத்தமான தண்ணீரும், அவ்வளவுதான். அதில் எண்ணெய் கலந்தால் பம்பு, டோசிங் இன்ஜெக்டர், கேட்டலிஸ்ட் எல்லாம் வரிசையாகப் போகும். ஆட்ப்ளூவை டீசல் டேங்கில் ஊற்றினாலும் இதே விதிதான், அது இன்னும் பெரிய செலவு.

கேள்வி: வண்டியில் எந்தக் குறையும் இல்லை. வருமுன் காப்பதாக 5,000 கி.மீ.க்கு ஒரு பாட்டில் போடலாமா, அல்லது பங்கில் கிடைக்கும் பிரீமியம் டீசல் போதுமா? வாரண்டி போய்விடுமா? — காரைக்குடி வாசகர்

பதில்: முதலில் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எரிபொருள் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். கம்பெனி ஒப்புக்கொள்ளாத அடிட்டிவ் எதுவும் சேர்க்காதீர்கள் என்று பல கம்பெனிகள் அதில் எழுதியே இருக்கின்றன. வாரண்டி இருக்கும் வரை அதை மீற வேண்டாம், நாளைக்கு இன்ஜெக்டர் போனால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராகிரீன், எச்பியின் டர்போஜெட், ஷெல்லின் வி-பவர் டீசல் மாதிரியானவற்றில் கிளீனர் ஏற்கெனவே சரியான அளவில் கலந்திருக்கிறது. அளவு தப்பாது, கையில் ஒட்டாது. நாலைந்து டேங்குக்கு ஒரு தடவை அதைப் போட்டுக்கொண்டால் தாராளம். அதைப் போடும் அதே டேங்கில் பாட்டிலையும் ஊற்றாதீர்கள். மைலேஜ் கூடும் என்று எதிர்பார்த்துப் போடாதீர்கள், சுத்தமாக இருக்கும் இன்ஜினில் பெரிய வித்தியாசம் தெரியாது. சாதா டீசலுக்கே சீட்டேன் எண் குறைந்தது 51 இருக்க வேண்டும் என்று தர விதி இருக்கிறது, நல்ல பங்கில் போட்டால் அதுவே போதும்.

வருமுன் காப்பதற்குக் காசு செலவழிக்க ஆசை என்றால் டீசல் ஃபில்டருக்குச் செலவழியுங்கள். நம் ஊர் இன்ஜெக்டர்கள் பெரும்பாலும் கரியால் சாவதில்லை, தண்ணீராலும் தூசியாலும் போலி ஃபில்டராலும்தான் சாகின்றன. மேனுவலில் 40,000 கி.மீ. என்று போட்டிருந்தால் நான் 20,000-லேயே மாற்றச் சொல்வேன், அதுவும் ஒரிஜினல். பல வண்டிகளில் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு இருக்கும். மழைக்காலம் முடிந்ததும் மெக்கானிக்கிடம் சொல்லி அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடிக்கச் சொல்லுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால் ஃபில்டரோடு சேர்த்து டீசல் போடும் பங்கையும் மாற்றுங்கள்.